ஏழு மணிக்கு மேல் திறக்காத கேட்

ஒரேயடியாகச் செத்துப்போன ரிமோட்டைப் பற்றி யாரும் எனக்கு போன் செய்வதில்லை. பேட்டரி மாற்றிப் பார்ப்பார்கள், அப்படியும் அசையவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்குவார்கள், கதை முடிந்தது. என்னிடம் வருவதெல்லாம் ‘சில நேரம் திறக்குது, சில நேரம் திறக்கல’ ரகம்தான். எப்போதோ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஒரே பாவத்துக்காக, சொந்தக்காரர்கள் வீட்டு ரைஸ் குக்கர் முதல் அழைப்பு மணி வரை எல்லாம் என் தலையில்தான் விழும். இந்த முறை விழுந்தது சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருக்கும் பெரியப்பா வீட்டு ஆட்டோ கேட்.

அமெரிக்காவில் இதையே கராஜ் கதவு என்பார்கள். அங்கே காருக்கென்று தனி அறை, அதற்கு மேலே ஏறிப் போகும் கதவு. இங்கே தரை வீடுகளில் கார் முன்பக்கப் போர்ச்சில் நிற்கும். போர்ச்சுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு பக்கமும் விரியும் இரும்புக் கேட், அதைத் தள்ள ஆளுக்கொரு மோட்டார் கை. வெளித்தோற்றம்தான் வேறு. கையில் இருக்கும் ரிமோட், தூணில் இருக்கும் ரிசீவர், அது உசுப்பிவிடும் மோட்டார் எல்லாம் ஒரே குடும்பம். எனக்குக் கேட்டும் கிடையாது, காரும் கிடையாது. வீவக அடுக்குமாடி வீட்டில் பதினொன்றாவது மாடியில் இருக்கிறேன். அதனாலேயே இந்தக் கேட்டை எந்த முன்முடிவும் இல்லாமல் பார்க்க முடிந்ததோ என்னவோ.

பெரியம்மாதான் போன் செய்தார். “மழையில இறங்கி நின்னு அமுக்கிக்கிட்டே இருக்கேன்யா. கேட்டு கல்லு மாதிரி நிக்குது. எதிர்வீட்டுக்காரங்க ஜன்னல்ல இருந்து பாக்குறாங்க.”

நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்குப் பேட்டரி மேல் சந்தேகம். அதனால் அவர் வாரம் தவறாமல் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு, சாலைக் கட்டணத்துக்காகக் காரில் புதிதாகப் பொருத்திய ஓபியு கருவி மேல் சந்தேகம். பழைய ஐயு கருவி போய் இது வந்த பிறகுதான் தொல்லை என்றார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் செம்பவாங் விமானத் தளத்தைக் காட்டினார். ஹெலிகாப்டர் தாழப் பறக்கும்போது ரேடியோ அலை எல்லாம் கலங்கிவிடுமாம். சர்வீஸ் பார்க்க வந்த டெக்னீஷியனோ, மழைத் தண்ணீர் போர்டுக்குள் இறங்கிவிட்டது, மோட்டாரும் பழசு, இரண்டையும் மாற்றிவிடலாம் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இந்தத் தீர்ப்புகளில் எதுவும் பைத்தியக்காரத்தனம் இல்லை. பேட்டரி தீர்வதும், போர்டில் தண்ணீர் இறங்குவதும் தினமும் நடக்கிற விஷயம். அங்கிள் சொன்னதற்குக்கூட முன்னுதாரணம் உண்டு. 2004ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எக்லின் விமானப் படைத் தளத்தில் புதிய ராணுவ ரேடியோக்களைச் சோதித்தபோது, சுற்றுவட்டாரத்தில் கராஜ் ரிமோட்டுகள் கூட்டமாக வேலைநிறுத்தம் செய்தன. ராணுவம் பயன்படுத்தியது 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அங்கே ஏராளமான கராஜ் ரிமோட்டுகள் 390ல் பேசும். 2005ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. மக்களுக்குக் கிடைத்த பதில் ரொம்ப எளிமையானது: அந்தப் பட்டை பல ஆண்டுகளாக ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது, உரிமம் இல்லாமல் ஓடும் சின்னக் கருவிகள் வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரியப்பாவின் ரிமோட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே உலோகத் தொப்பி போட்ட ஒரு பாகம், பட்டாணி அளவுதான் இருக்கும். அதன் தலையில் 330 என்று பொறித்திருந்தது. ரிமோட் எந்த அலைவரிசையில் கத்துகிறது என்பதை அந்தத் தொப்பியே சொல்லிவிடும். இங்கேயும் மலேசியாவிலும் ஆட்டோ கேட் ரிமோட்டுகள் பெரும்பாலும் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ். ஃபுளோரிடா கதையை அப்படியே தூக்கிச் செம்பவாங்கில் நட முடியாது. அங்கிளிடம் இதைச் சொன்னபோது, “அப்போ 330ல பறக்குற ஹெலிகாப்டரா இருக்கும்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

விட்டு விட்டு வரும் கோளாறில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று முதலில் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. எப்போது வருகிறது, எங்கே நின்றால் வருகிறது என்றுதான் கேட்க வேண்டும். கேட்டேன். பெரியம்மா, “எப்பவுந்தான்” என்றார். பெரியப்பா, “காலையில ஆபீஸ் போறப்போ எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல” என்றார். இரண்டு பேரும் ஒரே ரிமோட்டைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பெரியம்மா மாலையில் தேக்காவுக்கோ கோவிலுக்கோ போய்விட்டுத் திரும்புகிறவர். சரி, ஒரு நூல் கிடைத்தது.

நூலைப் பிடித்து இழுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும்: குற்றம் ரேடியோவிலா, கேட்டிலா என்று பிரிப்பது. ரிமோட் இல்லாமல் கேட்டைத் திறக்கச் சுவரில் ஒரு பொத்தான் எல்லா வீட்டிலும் இருக்கும். அதை அமுக்கும்போதும் கேட் மக்கர் பண்ணினால் ரிமோட்டை மறந்துவிடலாம். மோட்டார், வயர், உள்ளே இருக்கும் பழைய பேக்கப் பேட்டரி என்று தேட வேண்டியதுதான். கேட் திறக்கும்போது ஒழுங்காகத் திறந்து, மூடும்போது மட்டும் பாதியில் நின்றுவிட்டு மறுபடி விரிந்தால் இரண்டு தூணிலும் எதிரெதிரே வைத்திருக்கும் போட்டோசெல்லைத் துடைத்துப் பாருங்கள். இந்த ஊர் ஈரத்தில் அந்தச் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை கட்டாத வீடு குறைவு. குறுக்கே குழந்தை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட் பின்வாங்கும், நாம் ரிமோட்டைத் திட்டிக்கொண்டு நிற்போம். பெரியப்பா வீட்டில் சுவர்ப் பொத்தானுக்கு எல்லா நேரமும் பதில் கிடைத்தது. ஆக மோட்டார் நிரபராதி. விலைச்சீட்டில் பாதி அப்போதே அடிபட்டது.

அடுத்தது பேட்டரி. பெரியப்பா வாரம் தவறாமல் மாற்றியதால் இதில் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவர் வாங்கி வைத்திருந்த பாக்கெட்டில் இருந்தவை 27ஏ வகை. ரிமோட்டுக்கு வேண்டியதோ 23ஏ. இரண்டும் 12 வோல்ட்தான், நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 27ஏ இரண்டு மில்லிமீட்டர் போல ஒல்லி. உள்ளே போட்டால் உட்கார்ந்துவிடும், சிவப்பு விளக்கும் எரியும், ஆனால் ரிமோட்டைக் குலுக்கினால் ‘கடகட’ என்று ஆடும். ஆடுகிற பேட்டரி எந்த நொடியில் தொடர்பை விடும் என்று சொல்ல முடியாது.

இந்த 12 வோல்ட் பேட்டரியை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். தீர்ந்துபோன ஒன்றின் மேலுறையை மெல்லிய கத்தியால் கீறினேன். ஒரே கட்டையாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கையில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய எட்டு பேட்டரிகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஒன்று சோர்ந்தாலும் முழு அடுக்கும் சோர்ந்துவிடும். மீட்டரை வைத்து அளந்தால் 11.8, 11.9 என்று காட்டி ஏமாற்றும். பொத்தானை அமுக்கி மின்சாரம் ஓட ஆரம்பித்த கணத்தில்தான் வோல்டேஜ் பொத்தென்று விழும். அதனால் அளப்பதானால் பொத்தானை அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும். ரிமோட்டில் விளக்கு எரிகிறதே என்பதும் சாட்சி ஆகாது. விளக்கை எரிய வைப்பதற்குக் கொஞ்சூண்டு போதும்.

ஜாலான் புசார் சிம் லிம் டவரில் சரியான 23ஏ வாங்கிப் போட்டேன், ஸ்பிரிங்கில் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினேன், பொத்தானுக்கு அடியில் இருக்கும் கருப்பு ரப்பர் புள்ளியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். இப்போது காலையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் விளக்குக் கம்பத்தில் நின்று அமுக்கினாலே கேட் திறந்தது. பெரியப்பாவுக்குப் பரம திருப்தி. நான் சொன்னேனா இல்லையா, பேட்டரிதான் என்றார். மாலை வரை பொறுங்கள் என்றேன்.

மாலை ஏழு தாண்டியதும் அதே விளக்குக் கம்பம், அதே ரிமோட், அதே கை. ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் நடந்துகொண்டே அமுக்கினேன். கேட்டின் கம்பியைத் தொடும் தூரத்துக்கு வந்தபிறகுதான் ‘டக்’ என்று ரிலே, அதாவது மோட்டாரை உசுப்பும் சுவிட்ச், பேசியது.

இந்த இடத்தில் பெரியம்மாவின் ஓபியு சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதே சந்தேகம் இருக்கிறது. கேட் ரிமோட்டுக்குக் காது கிடையாது, வாய் மட்டும்தான். அது கத்திவிட்டு ஓய்ந்துவிடும். கேட்கிற வேலை முழுக்கத் தூணில் இருக்கும் ரிசீவருடையது. அதனால் காருக்குள் ஓபியு, டேஷ்கேம், போன் சார்ஜர் என்று எது இருந்தாலும் அது ரிமோட்டைக் குழப்ப வழியில்லை. கார் கேட்டுக்கு மூக்கை ஒட்டி நிற்கும்போது மட்டும், மட்டமான சார்ஜரின் இரைச்சல் ரிசீவர் வரை போகலாம். காரில் உண்மையாகவே கெடுதல் செய்யக்கூடியது கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்புப் படலம். அதில் உலோகப் பூச்சு இருந்தால் அலையில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். கண்ணாடியை இறக்கி ரிமோட்டை வெளியே நீட்டி அமுக்கிப் பாருங்கள். தூரம் சட்டென்று கூடினால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஆனால் படலம் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் கள்ளன் நேரம் பார்த்து வருகிறவன்.

கேட்கிறவன் பக்கம் போனேன். தூணில் உள்ள கண்ட்ரோல் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது, அதனால் வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸில் அதற்குரிய சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினேன். உள்ளே நாட்டுப்புறமே குடியிருந்தது. ஓரத்தில் எறும்புப் புற்றின் மண், அடித்தட்டில் பல்லியின் இரண்டு வெள்ளை முட்டைகள், டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டுக்கு வந்து காய்ந்து கருவாடான ஒரு பல்லி. இந்த ஊரில் ஆட்டோ கேட் போர்டுகள் சாவதற்கு மின்னலுக்கு அடுத்த காரணம் பல்லியாகத்தான் இருக்கும். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைக்காவிட்டால், இரண்டு காலை ஒரு முனையிலும் வாலை இன்னொரு முனையிலும் வைத்துத் தானும் போய் போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். நல்லவேளை, இந்தப் பல்லி இயற்கை மரணம் போலத் தெரிந்தது. போர்டில் ஈரமோ துருவோ இல்லை. மழைத் தண்ணீர் இறங்கிய தடமே இல்லை.

ரிசீவரில் இருந்து கிளம்பிய ஆன்டெனா வயரை யாரோ பாம்பு போலச் சுருட்டி, கேபிள் டை போட்டு, இரும்புப் பெட்டியின் மூலையில் அழகாகக் கட்டி வைத்திருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆன்டெனாவுக்குச் சுத்தம் ஆகாது. 330 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளத்தில் கால்பங்கு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். 433 என்றால் 17 சென்டிமீட்டர் சொச்சம். அந்த நீளத்துக்கு வயர் நேராக, இரும்பை விட்டு விலகி, பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். சுருட்டிக் கட்டினால் காதில் பஞ்சை அடைத்த மாதிரிதான். அவிழ்த்து, பெட்டியின் அடியில் இருந்த ஓட்டை வழியாக வெளியே எடுத்து நேராக விட்டேன். காலையில் கிடைக்கும் தூரம் இன்னும் கூடியது; தெருமுனையில் திரும்பும்போதே திறந்தது. மாலையில் கேட்டில் இருந்து கார் நீளத்துக்கு நின்றால் திறந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் காலைக்கும் மாலைக்கும் நடுவே அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

அப்புறம் நான் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. இருட்டிய பிறகு அண்ணன் மகனை ரிமோட்டோடு விளக்குக் கம்பத்தில் நிற்க வைத்து, நிறுத்தாமல் அமுக்கச் சொன்னேன். நான் உள்ளே டிபி பாக்ஸுக்கு முன்னால் நின்று, கேட்டுக்கான சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஏர்கான் போனது, ஒன்றும் இல்லை. சமையலறை போனது, ஒன்றும் இல்லை. பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது. வைஃபை, சிசிடிவி போனது, ஒன்றும் இல்லை. போர்ச் விளக்கு என்று பென்சிலில் எழுதியிருந்த சுவிட்சைத் தட்டியதும் வாசலில் இருந்து சத்தம்: “சித்தப்பா, தொறந்துருச்சு!” மறுபடி போட்டேன், நின்றுவிட்டது. அணைத்தேன், திறந்தது.

கேட் தூண் இரண்டிலும் தலையில் ஒவ்வொரு எல்இடி பல்பு. பெரியப்பா ஆன்லைனில் மலிவாக வாங்கியது. வெளிச்சம் குறைந்தால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணையும் சென்சார் வைத்தது. சுவிட்சை யாரும் தொட வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையால்தான் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. கையால் போடும் விளக்காக இருந்திருந்தால், விளக்கைப் போட்டால் கேட் திறக்கவில்லையே என்று ஒருநாள் யாராவது முடிச்சுப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. அதனால் கோளாறும் கடிகாரம் பார்த்தது போல வந்தது.

மழைப் புதிரும் இதிலேயே அவிழ்ந்தது. இங்கே பெரிய மழை வருவதற்கு முன்னால் பிற்பகல் மூன்று மணிக்கே வானம் கருத்துவிடும். சென்சாருக்கு மழையா ராத்திரியா என்று தெரியுமா? இருட்டிவிட்டது என்று விளக்கை ஏற்றிவிடும். மழையில் கேட் திறக்காததற்குத் தண்ணீர் காரணமே இல்லை, மேகம்தான் காரணம். டெக்னீஷியனைக் குறை சொல்ல மாட்டேன். மழை பெய்தால் கேட் கெடுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், பத்தில் ஒன்பது வீட்டில் போர்டில் தண்ணீர் இறங்கித்தான் இருக்கும்.

எல்இடிக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியப்பா கேட்டார். எல்இடிக்கு வீட்டு மின்சாரம் நேரடியாக ஆகாது. பல்பின் கழுத்துக்குள் ஒரு சின்ன டிரைவர் சர்க்கியூட், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தணித்துக் கொடுக்கிறது. அந்த ஒவ்வொரு வெட்டும் ஒரு கூர்மையான அதிர்வு. அதன் சிதறல் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். அதை வெளியே விடாமல் அமுக்க ஃபில்டர் என்று சில பாகங்கள் வைக்க வேண்டும். மலிவு பல்பில் முதலில் கை வைப்பது அதில்தான். பல்புக்கு வரும் வயரே நீளமான ஆன்டெனாவாகி இரைச்சலை ஒலிபரப்பும். ரிசீவர் தூணின் இடுப்பில், பல்பு அதே தூணின் தலையில். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கேம்பல் லேன் கூட்டத்தில் நின்றுகொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நமக்குக் கேட்குமா? ரிமோட் வழக்கம்போலத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து கத்தினால் மட்டும் கேட்டது.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அங்கே கராஜ் மோட்டார் பெட்டியிலேயே விளக்கு மாட்டும் இடமும் இருக்கும், ரிசீவருக்குச் சில அங்குலம் தள்ளி. பழைய குண்டு பல்பு இருந்தவரை சிக்கல் இல்லை, எல்இடி மாட்ட ஆரம்பித்ததும் ரிமோட் தூரம் சுருங்கியது. கராஜ் கதவுக்கு என்றே இரைச்சல் குறைந்த பல்புகளைத் தனியாக விற்கிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

இரண்டு பல்பில் ஒன்றுதான் குற்றவாளி, கழற்றி மாட்டிப் பார்த்ததில் தெரிந்தது. ஒரே பெட்டியில் வந்த ஜோடிதான்; ஒன்று சாது, இன்னொன்று இப்படி. இரண்டையும் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நல்ல பல்புகளாக மாட்டினோம். பல்பு மாற்றுவதோடு நம் வேலை முடிகிறது. சுவருக்குள் ஓடும் வயரில் கை வைப்பதானால் இங்கே உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் வர வேண்டும், அதில் சாமர்த்தியம் காட்டக் கூடாது.

இதை அலுவலகத்தில் சொன்னபோது, காத்தோங்கில் தரை வீட்டில் இருக்கும் ஒரு நண்பர், “என் வீட்டிலும் முதல் அமுக்குக்குத் திறக்காது, இரண்டாவதுக்குத் திறக்கும், பல்பை மாற்றவா?” என்றார். வேண்டாம் என்றேன். அவருடையது ரோலிங் கோட் ரிமோட். அதன் குணமே வேறு. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அது புதிய குறியீட்டை அனுப்பும். உள்ளே ஒரு கவுண்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ரிசீவரும் அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். 1980களில் தென்னாப்பிரிக்காவில் நானோடெக் நிறுவனம் உருவாக்கி, 1995ல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய கீலாக் என்ற முறை இதில் ரொம்பப் பிரபலம். மைக்ரோசிப் பரிந்துரைக்கும் வழக்கப்படி, ரிமோட்டின் எண் ரிசீவரின் எண்ணைவிட 16 வரை முன்னால் ஓடியிருந்தால் ஒரே அமுக்கில் திறக்கும். அதற்கு மேல் ஓடியிருந்தால் ரிசீவர் சந்தேகப்படும். அடுத்தடுத்த இரண்டு அமுக்கின் எண்கள் வரிசையாக வந்தால்தான் நம்பித் திறக்கும். நண்பரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: ரிமோட்டை வேறு யாராவது எடுத்து விளையாடுகிறார்களா? மூன்று வயது மகளுக்கு ஈசூனில் பாட்டி வீட்டில் பகல் முழுக்க அதுதான் விளையாட்டுச் சாமான். அங்கே அமுக்கிய அமுக்கெல்லாம் காத்தோங் கேட்டுக்குத் தெரியாதே.

பெரியப்பாவின் ரிமோட் அந்த வகை இல்லை. திறந்தபோதே பார்த்திருந்தேன், ஓரத்தில் எட்டுக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக, எட்டும் ஒரே பக்கம். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே. எட்டு சுவிட்சு என்றால் மொத்தம் 256 குறியீடுதான், அதிலும் இது யாரும் முதலில் போட்டுப் பார்க்கிற குறியீடு. 2015ல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், கடையில் விற்பது நின்றுபோன ஒரு குழந்தைகளின் பொம்மைக் கருவியை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட நிலையான குறியீட்டுக் கராஜ் கதவுகளைப் பத்து வினாடிக்குள் திறக்கலாம் என்று காட்டினார். ரிசீவரை ரோலிங் கோடுக்கு மாற்றிவிடலாமே என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

“மாத்தினா, சாவிக் கடையில கொடுத்து காப்பி எடுக்க முடியுமா?”

“அவ்வளவு சுலபமா முடியாது பெரியப்பா. ஒவ்வொண்ணையும் ரிசீவர்ல பதியணும்.”

“அப்போ வேணாம். என் வீட்டுல எடுத்துட்டுப் போக என்ன இருக்கு, உங்க பெரியம்மாவோட ஊறுகா ஜாடிதான்.”

கடைசியில், அந்த எட்டு சுவிட்சையாவது கலைத்து வைக்க ஒப்புக்கொண்டார். ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி கலைத்து வைத்தேன். ஆனால் பணிப்பெண்ணுக்கும் அண்ணனுக்கும் காப்பி எடுத்துக் கொடுத்த ரிமோட்டுகளில் சுவிட்சு கிடையாது, பழைய குறியீட்டை மனப்பாடம் செய்தவை அவை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மறுபடி காப்பி எடுக்க வேண்டும். பணிப்பெண்ணுடையது அன்றைக்கே முடிந்தது. பொங்கோலில் இருக்கும் மூத்த அண்ணனுடைய ரிமோட் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறந்துவிட்டேன் என்கிறார், கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிக்கிறார், பெரியப்பா சுவர்ப் பொத்தானை அமுக்கப் போகிறார்.